உப்புக்கு அப்பால்: நீர்ச் சவ்வுகளின் வரலாறு

உப்பைத் தடுத்து நீரை மட்டும் கசியவிடும் செயற்கைச் சவ்வு 1950களில் அமெரிக்காவில் பிறந்தது. செல்லுலோஸ் அசிட்டேட் படலத்துக்கு அந்தக் குணம் உண்டு என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடும் அவருடைய மாணவர் பிரெட்டனும் காட்டினார்கள். ஆனால் அதன் வழியே கசிந்த நீர் மிகக் குறைவு. ஒரு ஊரின் தாகத்துக்கு அது உதவாது.

அந்தத் தடையை உடைத்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும். கடையில் வாங்கிய படலத்தைச் சூடாக்கிச் சோதித்தபோது, ஒரு பக்கத்தை உப்புநீருக்குக் காட்டினால் உப்பு நின்றது, திருப்பி வைத்தால் நிற்கவில்லை. படலத்தின் இரு முகங்களும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே சாட்சி. இந்த வேறுபாட்டை அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். கரைசலைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, பனிநீரில் அமிழ்த்தி, பிறகு வெந்நீரில் பதப்படுத்தினார்கள். மேலே மிக மெல்லிய இறுகிய தோல், கீழே அதைத் தாங்கும் நுண்துளை அடுக்கு. நீரோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடியது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில், அழுத்தம் கொடுத்து நீரை இத்தகைய சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் முதல் எதிர் சவ்வூடு பரவல் நிலையம் ஓடத் தொடங்கியது. ஒரு காலத்தில் ரயிலில் குடிநீர் வரவழைத்த ஊர் அது.

1970களில் வேதியியலாளர் ஜான் கடோட் சவ்வு செய்ய வேறு வழி கண்டார். அமீன் கலந்த நீரில் நனைத்த நுண்துளைத் தாங்கியின் மீது, நீரோடு கலக்காத திரவத்தில் கரைத்த அமிலக் குளோரைடை ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் நொடிகளில் பாலியமைடுத் தோல் உருவாகும். வினைபுரியும் பொருள்களை மாற்றினால் தோலின் இறுக்கமும் மின்னூட்டமும் மாறும். எதைத் தடுப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வழி பிறந்தது இங்கேதான்.

அந்தத் தேர்வின் அருமையை உணர்த்தியது பிரான்ஸின் வாஸ் ஆறு. வயல்களிலிருந்து வந்த அட்ரசின் என்ற களைக்கொல்லி அதில் கலந்திருந்தது. ஐரோப்பிய விதிப்படி குடிநீரில் களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ எதுவும் தனித்தனியே லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஆற்றில் கரைந்திருக்கும் இயற்கைக் கரிமப் பொருள்கள், களைக்கொல்லியைப் பிடிக்கப் பயன்படும் செயலூக்கிய கரியின் இடத்தை அடைத்துக்கொண்டு, அதன் பிடிப்பைக் குறைத்துவிடும். எதிர் சவ்வூடு பரவலோ மிகுந்த அழுத்தம் கேட்கும், நீரின் கால்சியத்தையும் ஏறக்குறைய முழுதாக எடுத்துவிடும். தேவைப்பட்டது களைக்கொல்லியை நிறுத்திக் கால்சியத்தில் ஒரு பங்கை விட்டுவைக்கும் சவ்வு. அப்படியே ஒரு நானோ வடிகட்டிச் சவ்வு இந்த ஆற்றுக்கென உருவாக்கப்பட்டது. ஓவேர் என்ற ஊரில் சிறிய அளவில் ஓட்டிப் பார்த்த பிறகு, 1999இல் மேரி-சுர்-வாஸ் நிலையம் பாரிஸின் வடக்குப் புறநகர்களுக்கு நாளொன்றுக்கு 1,40,000 கன மீட்டர் வரை தரும் திறனுடன் இயங்கத் தொடங்கியது.

சிறிய, மின்னூட்டமற்ற மூலக்கூறுகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தடிக்கு அனுப்பிவந்த கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் அத்தகைய ஒரு வேதிப்பொருளான என்.டி.எம்.ஏ. 2000இல் கிணற்று நீரில் தெரிந்தது. எதிர் சவ்வூடு பரவல் சவ்வையும் அது கணிசமாகக் கடந்துவிடுகிறது. அதனால் 2008இல் அங்கே திறக்கப்பட்ட புதிய நிலையத்தில், சவ்வைத் தாண்டி வரும் நீர் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கப்பட்டுப் புற ஊதா ஒளியையும் கடந்தே வெளியேறுகிறது.