கல்லாவுக்குப் பின்னால் ஒரு பென்சில்

ப்ளஸ் டூ பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்த நேரம். வருஷம் 1991. "சும்மா சுத்தாதே"ன்னு வீட்டுல சொல்லி, போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தெரிஞ்சவர் காபிக் கடையில கல்லாவுல உட்கார வச்சுட்டாங்க. சம்பளம் சொற்பம். காபி இலவசம் :-)

விடியக்காலை நாலு மணிக்கே பாய்லர் சூடாகிடும். போடிமெட்டு ஏறி கேரளா பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற ஜனங்க, ஜீப்புல தொத்துறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் ஊத்திக்கிட்டுப் போவாங்க. பத்து மணிக்கு மேல வியாபாரிங்க வருவாங்க. ஏலத்தையே ஏலம் விடுற ஊரு எங்க ஊரு. அவங்க பேச்சு பூரா காய் சைஸு, நிறம், கிலோ என்ன விலை போச்சு, இதுதான். மத்தியானம் மூணு மணிக்கு ஈ ஓட்டணும். அப்பதான் நான் பென்சிலை எடுப்பேன்.

பில் புத்தகத்தோட பின்பக்கம்தான் என் ஸ்கெட்ச் புக். கடைக்கு தினத்தந்தியும் விகடனும் வரும். மதனோட ரெட்டைவால் ரெங்குடுவையும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவையும் பார்த்துப் பார்த்துப் போட்டே ரெண்டு பென்சில் காலி. அப்புறம்தான் புத்தி வந்துச்சு.. எதிர்ல இவ்வளவு முகம் இருக்கும்போது எதுக்குக் காப்பி அடிக்கணும்?

காபியும் கேலிச்சித்திரமும் தமிழுக்கு ரொம்பப் பழசு இல்லீங்க. ரெண்டோட சரித்திரத்தையும் தேடிப் போனா ஒரே ஆள்கிட்ட போய் நிக்கிறோம், ஆ.இரா.வேங்கடாசலபதி. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' எழுதினவரும் அவர்தான், பாரதி நடத்துன பத்திரிகைகள்ல வந்த கருத்துப்படங்களைத் தொகுத்து 1994-ல புத்தகமாப் போட்டவரும் அவர்தான். ஆரம்பத்துல காபி மேல்தட்டு வீடுகள்ல கௌரவத்தோட அடையாளமா இருந்துச்சு, டீ உழைக்கிறவங்க பானமாச்சு. எங்க மலையிலயே காபி விளையுது. ஆனா காபிப்பழம் பறிக்கிற பொம்பளைங்க கையில இருந்தது பால் இல்லாத வரக்காப்பிதான்.

கேலிச்சித்திரத்துக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகையில அதை முதல்ல கொண்டு வந்தது பாரதியோட 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1906-ல சென்னையில ஆரம்பிச்சது. வெள்ளைக்கார அதிகாரிங்களையும் நம்ம மிதவாதிகளையும் படம் போட்டு வாரினாங்க. படத்துக்குக் கீழ விளக்கமும் இருக்கும், ஏன்னா அப்படி ஒரு படத்தைப் 'படிக்க' நம்மாளுங்களுக்கு அப்ப பழக்கம் கிடையாது. 1908-ல ராஜதுரோக வழக்குல பத்திரிகையோட பதிவான ஆசிரியர் சீனிவாசன் கைதானார். பாரதி புதுச்சேரிக்குப் போனார், பத்திரிகையும் போச்சு. அங்க 1910 வரைக்கும் வந்து நின்னுபோச்சு.

அடுத்த கட்டம் விகடன். 1928-ல வாசன் கைக்கு வந்த பிறகு மாலி அதுல கோட்டாலேயே சிரிக்க வச்சார். அவர் கண்டெடுத்தவர் கோபுலு. தஞ்சாவூர்ல 1924-ல பிறந்த கோபாலன், கும்பகோணம் ஓவியப் பள்ளியில படிச்சவர். 'கோபுலு'ங்கிற பேரை வச்சதே மாலிதான். ஒரு வார்த்தைகூட இல்லாம அவர் போட்ட ஜோக்குகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.. பந்தியில, கச்சேரியில, ரயில் பெட்டியில ஒவ்வொரு மூலையிலயும் ஒரு ஆள் தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பார். வயசான காலத்துல வலது கை முடங்கினதும் இடது கையால வரைஞ்சார் மனுஷன். 2015-ல காலமானார்.

இந்த வரிசையில ஒண்ணை கவனிச்சீங்களா? காபி கிளப் சர்வர் நம்ம ஜோக்குகள்ல ஆயிரம் தடவை வந்திருப்பார். ஈ விழுந்த காபி, ஆறிப்போன தோசை, டிப்ஸுக்குத் தலையைச் சொறியறது.. எல்லாம் வந்தாச்சு. ஆனா பென்சில் எப்பவும் மேஜையில உட்கார்ந்து குடிக்கிறவர் கையிலதான். டபராவைக் கொண்டு வந்து வச்சவர் கையில இல்லை. எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வரையுற வாய்ப்பு கிடைச்சுது. நான் என்ன செஞ்சேன்?

கடையில மேஜை துடைக்கிற பெரியவர் ஒருத்தர் இருந்தார். பெரியப்பானுதான் கூப்பிடுவேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சவர். அவர் முதுகு மேலயே ஒரு டபரா செட்டை வச்சு, அவரையே மேஜையா ஆக்கி வரைஞ்சேன். கடையே சிரிச்சுது. முதலாளி வாங்கிப் பார்த்துட்டு, "டேய், பெரிய ஆளுடா நீ"ன்னு கல்லாவுக்கு மேல சுவத்துல ஒட்டிட்டார். நான் மிதந்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி கடை அடைக்கிற நேரம் பெரியப்பா படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னார். கோபமெல்லாம் இல்லை. மெதுவா கேட்டார், "தம்பி, எம்முதுகு அம்புட்டுக்கா வளைஞ்சிருக்கு?"

மறுநாள் படத்தைக் கிழிச்சுட்டேன். "நல்லாத்தானடா இருந்துச்சு"ன்னு முதலாளிக்கு வருத்தம்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வியாபாரியை வரைஞ்சேன். தராசுல ஒரு தட்டுல ஏலக்காய் மூட்டை, இன்னொரு தட்டுல அவர் கட்டைவிரல். அவ்வளவுதான். யாரோ அவர்கிட்ட காட்டிட்டாங்க. "நாளைலருந்து வரவேணாம்ப்பா"ன்னு முதலாளி தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். அவர் மேல எனக்கு வருத்தம் இல்லை. அந்த வியாபாரி பாக்கியை நம்பித்தான் கடையே ஓடுச்சு.

கீழ இருக்கிறவரை வரைஞ்சா சுவத்துல இடம், மேல இருக்கிறவரை வரைஞ்சா வேலை காலி. பெரிய பத்திரிகைக்கும் இதே கதைதான். 1987-ல எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் பண்ணி ஒரு அட்டைப்பட ஜோக் போட்டதுக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை மூணு மாசம் கடுங்காவல் கொடுத்துச்சு. சபாநாயகர் பி.எச்.பாண்டியன். எதிர்ப்பு கிளம்பினதும் ரெண்டு மூணு நாள்ல விட்டுட்டாங்க. ஆனா அவர் விடலை, கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சார். அடையாள நஷ்டஈடா கிடைச்ச 1000 ரூபாயைச் செலவழிக்காம ஃப்ரேம் போட்டு மாட்டினார். 2017-ல நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பமே தீக்குளிச்சப்ப, முதல்வரையும் அதிகாரிகளையும் வரைஞ்ச கார்ட்டூனிஸ்ட் ஜி.பாலாவைக் கைது பண்ணினாங்க. பாரதி காலத்துக்கும் இதுக்கும் நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு!

இதோட முடிச்சா 'கருத்துச் சுதந்திரம் வாழ்க'ன்னு போட்டுட்டுப் போயிடலாம். முடியலை. 2012-ல பள்ளிப் பாடப்புத்தகத்துல இருந்த ஒரு கார்ட்டூனுக்காக நாடாளுமன்றமே கொதிச்சது ஞாபகம் இருக்கா? 1949-ல சங்கர் வரைஞ்சது. அரசியல் சட்டம் நத்தையா நகருது, அது மேல அம்பேத்கர் உட்கார்ந்திருக்கார், பின்னால நேரு சாட்டையை ஓங்குறார். திருமாவளவன் சபையில பிரச்சினையைக் கிளப்பினார், அரசாங்கம் படத்தை எடுத்துடுறதா சொல்லுச்சு. 'சங்கர் நேருவையே விட்டு வைக்காதவராச்சே, ஒரு படத்துக்கு இவ்வளவா'ன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். ஆனா அம்பேத்கர் மேல ஒருத்தர் சாட்டையை ஓங்குற படத்தை, சாட்டையடி வாங்கின குடும்பத்துப் பிள்ளை வகுப்புல உட்கார்ந்து பார்க்குறப்ப? பெரியப்பா கேட்ட கேள்வி அப்படியே காதுல விழுந்துச்சு. படத்தை நீக்கினது சரின்னு இன்னைக்கும் என்னால முழுசா சொல்ல முடியலை. ஆனா வலிக்குதுன்னு சொல்றவரைப் பார்த்து 'உனக்கு நகைச்சுவை உணர்வே இல்லை'ன்னும் சொல்ல மாட்டேன்.

2010 கடைசியில அகலப்பாதை வேலைக்காக நிறுத்தின போடி ரயில் 2023 ஜூன்ல திரும்ப வந்துச்சு. அதுல ஊருக்குப் போனேன். அந்தக் கடை இப்ப செல்போன் கடை. பெரியப்பா எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாராம். பக்கத்துக் கடையில ஒரு காபி சொல்லிட்டு பில்லைத் திருப்பி பென்சிலை எடுத்தேன். டேபிள் துடைக்க ஒரு வடநாட்டுப் பையன் வந்தான். வழக்கம்போல முதுகைத்தான் கண்ணு பார்த்துச்சு. அப்புறம் கல்லாவுல இருந்தவரோட மீசையை வரைஞ்சேன். நல்ல மீசை.

காட்டலை. பார்சல் டிகாஷன் வாங்கிட்டு வந்துட்டேன் :-)