வாவியின் மூச்சு

மீன்பாடும் தேனாடு என்று மட்டக்களப்பைப் போற்றுவர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டில் நிலவெழுந்த பின் தோணியேறிச் சென்று, வாவியின் அடியிலிருந்து எழுந்த இன்னொலியைக் கேட்டு நூலில் எழுதிவைத்தார். மீனவரோ அதனை ஊரியின் குரல் என்றனர். பாடுவது மீனோ ஊரியோ, எதுவாயினும் அது நீரில் மூச்சுவிட்டாக வேண்டும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைச் சந்திக்கிறது. கோடையில் மணல்திட்டு வாயை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் அதனை உடைக்கும். கொடுவாவும் இறாலும் கடல்சார்ந்த உவர்நீரில் முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் இவ்வழியே வாவியை நாடுகின்றன. வேட்டையாடும் மீனுக்கும் அதன் இரைக்கும் வாசல் ஒன்றே.

வாயிலடைந்த கோடையில் நீர் சூடேறுகிறது. பத்துப் பாகை வெப்பமுள்ள நன்னீர், லீற்றருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். முப்பது பாகையில் ஏழரைதான். உப்புநீரில் இது மேலும் குறையும். மீனின் தேவையோ வெப்பத்தோடு உயர்கிறது. வயல் உரமும் நகரக் கழிவும் சேர்ந்தால் பாசி பெருகி, இரவில் எஞ்சிய பிராணவாயுவையும் உண்டுவிடும். அந்நிலையில், பாய்ந்து இரைபற்றும் பெரிய மீன் முதலில் தளர்ந்தால், குறைந்த மூச்சில் வாழவல்ல சிறுமீனுக்கு அந்நீரே அரணாகும். சிறுமீன்கள் மேல்நீரில் நெருங்கித் திரளநேரின் அதுவே பொறியாகும். பிராணவாயு முற்றும் அற்றாலோ இரண்டும் ஒருங்கே கரையொதுங்கும். அண்மைக் காலத்தில் மட்டக்களப்பு இக்காட்சியைக் கண்டதுண்டு.

இதன் நெடுங்கால விளைவைப் பெரு நாட்டுக் கடலடிச் சேறு உரைக்கிறது. ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளுக்கு முன், அக்கடல் இன்றினும் வெப்பமாயும் பிராணவாயு குன்றியும் இருந்த காலத்தில், நெத்தலி அருகி அதனினும் சிறிய மீன்களே மலிந்திருந்தன என்று, அச்சேற்றில் புதைந்த மீனெலும்புகளைக் கொண்டு 2022இல் ஆய்வாளர் காட்டினர். 1960 முதல் ஐம்பதாண்டுகளில் உலகக் கடல்கள் தம் பிராணவாயுவில் நூற்றுக்கு இரண்டு பங்கை இழந்துள்ளன.

வெள்ளம் வயலை மூழ்கடிக்கும்போது உழவர் முகத்துவாரத்தை வெட்ட வேண்டுவர். வாவியின் உவர்நிலை மாறுமே என்று மீனவர் அஞ்சுவர். இரு சாராரும் ஒருங்கமர்ந்து வெட்டுங்காலத்தை வகுப்பதும், கண்டற்காட்டைக் காப்பதும், கழிவை நீரிற் கலவாமல் தடுப்பதும் இன்றே செய்யத்தக்கன. இன்றேல் வீச்சுவலையில் கொடுவா அருகி, பொடிமீனே மிஞ்சும் நாள் வரக்கூடும்.