மண் காத்த மடல்கள்

இங்கிலாந்தின் வடபுலத்தே, நார்தம்பர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, விண்டொலாண்டா என்னும் உரோமானியக் கோட்டையின் அடித்தளங்கள் கிடக்கின்றன. பேரரசர் ஏட்ரியன் கி.பி. 122இல் எழுப்பத் தொடங்கிய நெடுஞ்சுவரினும் மூத்தது இக்கோட்டை. ஏறத்தாழ கி.பி. 85இல் மரத்தால் அமைந்து, பின்னர் பன்முறை இடித்துக் கட்டப்பெற்றது. பழைய இடிபாட்டின்மேல் களிமண்ணும் புற்கரணையும் பரப்பியே புதியதை எழுப்பினர். அதனால் கீழே காற்றுப் புகாத ஈரமண்ணில் தோலும் துணியும் மரமும் மட்காமல் தங்கின.

1973இல் இராபின் பர்லி நடத்திய அகழ்வில் மெல்லிய மர ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றில் மையால் எழுதிய இலத்தீன் எழுத்துகள் காற்றுப் பட்டதும் மங்கின. அகச்சிவப்பு ஒளிப்படங்களே அவற்றை மீட்டுத் தந்தன.

அவ்வேடுகள் வெற்றிப் புகழ் பாடவில்லை. ஒரு படைக்கணக்கு 752 வீரரைக் குறிக்கிறது. கோட்டையில் இருந்தோரோ 296 பேர். அவருள்ளும் பதின்மர்க்குக் கண்ணோய். ஒரு மடல் காலுறை அனுப்பியதைச் சொல்கிறது. வீரனொருவன் மிளகு வாங்கிய கணக்கும் உண்டு. சேரநாட்டு முசிறியில் யவனர் பொன் கொடுத்து மிளகு கொண்டதை அகநானூறு பேசும். அக்கடல் வாணிகத்தின் மறுமுனை இக்குளிர் நாட்டுப் பாசறை.

கி.பி. 100ஐ ஒட்டிக் கிளாடியா செவெரா என்பாள், தன் பிறந்தநாளுக்கு வருமாறு கோட்டைத் தலைவன் மனைவி சுல்பிசியா லெப்பிடினாவை அழைத்தாள். மடலை எழுத்தர் வரைந்தார். முடிவில் அன்புமொழியைத் தன் கையாலேயே சேர்த்தாள் அவள். பெண்ணொருத்தி கைப்பட எழுதிய இலத்தீன் வரிகளுள், இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் இஃதொன்று.

ஆயின் அந்நிலத்துக்கு உரிய பிரித்தானியர் குரல் இவ்வேடுகளில் இல்லை. ஓர் ஏட்டில் 'பிரித்துங்குலி' என்னும் இழிசொல்லாகவே அவர் இடம்பெறுகின்றனர். எழுதுகோல் ஆள்வோர் கையில் இருந்தது. மண் காத்ததும் அவர் எழுதியதையே. அம்மண்ணும் இன்று மாறிவருகிறது. அருகிலுள்ள மாக்னா கோட்டையின் ஈரமண், மாறும் தட்பவெப்பத்தால் உலர்ந்து வருவதை ஆய்வாளர் கவலையோடு நோக்குகின்றனர். ஈரம் வற்றிக் காற்றுப் புகுந்தால், இன்னும் தோண்டப்படாத ஏடுகள் படிப்பாரின்றியே மட்கிப்போகும். செவெராவின் மடலுக்கு லெப்பிடினா விடுத்த மறுமொழி இதுவரை கிடைக்கவில்லை.