தஞ்சாவூர் வீணை

தஞ்சாவூர் வீணை என்பது தஞ்சாவூரில் பலா மரத்தைக் கொண்டு கையால் செய்யப்படும் தந்தி இசைக்கருவி ஆகும். சரசுவதி வீணை என்ற வகையைச் சேர்ந்த இது கருநாடக இசையில் பயன்படுத்தப்படுகின்றது. இதில் 24 மெட்டுகளும் 7 தந்திகளும் உள்ளன. நீளம் சுமார் 4 அடி. எடை ஏறத்தாழ 8 கிலோகிராம். 2013 ஆம் ஆண்டில் இக்கருவிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வீணையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அதன் தெய்வீகப் பெருமையையும் வாசித்த வித்துவான்களையும் விரிவாகக் கூறுகின்றன. கருவியின் ஒலியையும் ஆயுளையும் தீர்மானிப்பவை மரமும் மெழுகும் ஆகும். இக்கட்டுரை அவற்றையே முதன்மையாகக் கொள்கின்றது.

வரலாறு

வீணை என்ற சொல் பழங்காலத்தில் பலவகைத் தந்திக் கருவிகளுக்குப் பொதுப்பெயராக வழங்கியது. யாழைப் போன்று மெட்டுகளே இல்லாத கருவிகளும் இப்பெயரால் குறிக்கப்பட்டன. 24 மெட்டுகளையும் நிலையாகப் பொருத்திய இன்றைய அமைப்பு, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாக மரபு கூறுகின்றது. இதனால் இதனை இரகுநாத வீணை என்றும் அழைப்பதுண்டு. அதற்கு முன்னர், வாசிக்கும் இராகத்திற்கேற்ப மெட்டுகளை நகர்த்தி வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிகளுக்கு 24 மெட்டுகள் என்று நிலைபெற்றபின், மெட்டுகளை நகர்த்தாமலே எல்லா இராகங்களையும் வாசிக்க முடிந்தது.

திருவரங்கத்தில் வீணைக்குக் கோயில் வழிபாட்டிலேயே இடம் உண்டு. வைகுண்ட ஏகாதசித் திருவிழா நாட்களில் நம்பெருமாள் இரவில் மூலத்தானத்துக்குத் திரும்பும் வேளையில் வீணை வாசிக்கப்படுகின்றது. இது வீணை ஏகாந்தம் எனப்படும். கீழே கூறப்படும் ஏகாந்த வீணை என்பது கருவியின் வகை, இரண்டும் வேறு.

மரம்

வீணை செய்யப் பலா மரமே பயன்படுகின்றது. பண்ருட்டிப் பகுதிப் பலா மரம் இதற்குப் பெயர் பெற்றது. மிருதங்கம், தவில், கஞ்சிரா ஆகியவற்றின் கட்டைகளுக்கும் பலாவே விரும்பப்படுகின்றது. முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதி மட்டுமே ஏற்றது. இதனைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை. வெட்டியபோது மஞ்சளாக இருக்கும் இம்மரம், ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக மாறும். கடைதல், குடைதல், நுண்ணிய செதுக்கு வேலை ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே இடங்கொடுப்பது பலாவின் சிறப்பு.

ஈரம் வற்றாத மரத்தில் செய்த வீணை பின்னர் உலரும்போது வெடிக்கும். அல்லது தண்டி வளையும். தண்டி சிறிது வளைந்தாலும் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். எனவே மரத்தை உலர வைப்பதில் அவசரம் காட்டுவது கருவியையே கெடுக்கும்.

ஒரே மரத்துண்டில் குடம், தண்டி, யாளி முகம் ஆகிய அனைத்தையும் குடைந்து செய்வது ஏகாந்த வீணை. ஏகாண்ட வீணை என்றும் இதனை எழுதுவர். தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஏகாந்த வீணையில் இணைப்புகள் இல்லாததால் அதிர்வு தடையின்றிப் பரவுகின்றது என்பது வாசிப்போர் பலரின் கருத்து. ஆனால் அதற்குப் பருமனும் நீளமும் உள்ள, வெடிப்போ கணுவோ இல்லாத அடிமரம் வேண்டும். அத்தகைய மரம் கிடைப்பது அரிதாகிவருவதால் விலையும் கூடுதல். நன்கு இணைக்கப்பட்ட ஒட்டு வீணை, சுமாரான மரத்தில் செய்த ஏகாந்த வீணையைவிட நன்றாக ஒலிக்கக்கூடும். வாங்குவோர் பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவது உண்டு.

ஆந்திராவின் பொப்பிலி வீணையும் ஒரே பலாத் துண்டில் செய்யப்படுவதாகும்.

உறுப்புகள்

அதிர்வைப் பெருக்கும் உருண்டைப் பகுதி குடம். அதன் வாயைப் பலாப் பலகை மூடுகின்றது. பலகையில் சிறு துளைகள் இடப்பட்டிருக்கும். பலகையின்மேல் நிற்கும் குதிரை தந்திகளைத் தாங்குகின்றது. குதிரையின் மேல் உள்ள உலோகத் தகட்டின் மெல்லிய வளைவே வீணையின் நீண்ட கார்வைக்குப் பெரிதும் காரணம் ஆகும். இவ்வளைவை அரத்தால் சரிசெய்வதற்குப் பழகிய கை வேண்டும்.

வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். ஏனைய மூன்றும் தாளத்திற்கும் சுருதிக்கும் உரியவை. தந்திகளின் ஒரு முனை நாகபாசத்திலும் மறுமுனை பிருடைகளிலும் கட்டப்படும். சுருதியை நுண்மையாகச் சேர்க்க லங்கர்கள் உதவுகின்றன.

தண்டியின் கீழ் உள்ள சுரைக்காய் வீணையைத் தொடையில் தாங்கவே பெரிதும் பயன்படுகின்றது. ஒலியில் அதன் பங்கு மிகக் குறைவு. இன்று உண்மையான சுரைக்காய்க்குப் பதிலாகக் காகிதக் கூழிலோ கண்ணாடியிழையிலோ செய்த உருண்டையும் பொருத்தப்படுகின்றது.

மெழுகும் மெட்டும்

வீணை செய்வதில் மிகக் கடினமான பகுதி இதுவே. இதனை மேளம் கட்டுதல் என்பர். தேன்மெழுகுடன் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கருநிறக் கலவை, தண்டியின் இரு ஓரங்களிலும் மேடாகப் படிய வைக்கப்படுகின்றது. கலவையை இறுக்கமாக்கக் குங்கிலியமும் சேர்ப்பதுண்டு. மெழுகு இளகிய நிலையில் வெண்கல அல்லது பித்தளை மெட்டுகளை அதில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு இடம் பார்த்து நிறுத்துவர்.

மெட்டின் இடத்தைக் கணக்காலும் காணலாம். தந்தியின் நீளம் 80 செ.மீ. எனக் கொண்டு தாயியைச் சமமான 12 பகுதிகளாகப் பிரித்தால், முதல் மெட்டு மேருவிலிருந்து சுமார் 4.5 செ.மீ. தொலைவில் அமையும். 12 ஆவது மெட்டு சரிபாதியான 40 செ.மீ. இல் அமையும். 23 ஆவது மெட்டுக்கும் 24 ஆவது மெட்டுக்கும் இடையில் சுமார் 1.2 செ.மீ. மட்டுமே இருக்கும். கணக்கு இவ்வளவு எளிதாக இருக்க, காதை நம்புவது ஏன் என்ற கேள்வி எழலாம். தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அது சிறிது நீட்சி அடைவதால் சுருதி உயர்கின்றது. இவ்வுயர்வு மெட்டின் உயரத்தையும் தந்தியின் பருமனையும் பொறுத்து மாறும். அத்துடன், கருநாடக இசையின் சுரங்கள் சமப் பகுப்புக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஆகவே கணக்கு தொடக்கம் மட்டுமே; முடிவு செவியினுடையது.

மெழுகின் நன்மையும் தீமையும் ஒரே பண்பிலிருந்து வருகின்றன. அது இளகும் பொருள் என்பதால், ஒரு மெட்டு தவறினால் சூடாக்கி நகர்த்திவிடலாம். அதே காரணத்தால் மெட்டு தானாகவும் நகர்ந்துவிடக்கூடும். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். அதற்கு முன்பே மென்மையாகிவிடும். கோடை வெயிலில் நிறுத்திய மூடிய வாகனத்தினுள் வீணையை வைத்தால் மேளம் கலைந்துவிடலாம். மேலும், கமகத்திற்காகத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கும்போது மெட்டு தேய்கின்றது. எனவே தொடர்ந்து வாசிக்கப்படும் வீணைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளம் புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால், நல்ல வீணையும் சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

மேற்பூச்சும் அலங்காரமும்

மரத்தை நன்றாக இழைத்துத் தேய்த்தபின் மெருகு ஏற்றப்படுகின்றது. பூச்சு தடித்தால் பலகையின் அதிர்வு மட்டுப்படும் என்பதால் அது மெல்லியதாக இருத்தல் நலம். முற்காலத்தில் குடத்தின் விளிம்பிலும் தண்டியிலும் யானைத் தந்தமும் மான் கொம்பும் பதிக்கப்பட்டன. இந்தியத் தந்தத்தின் உள்நாட்டு வணிகம் 1986 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது. இப்போது வெண்ணிற நெகிழித் தகடுகளில் பூக்களையும் கொடிகளையும் கீறி நிறமேற்றுகின்றனர்.

கித்தாருடன் ஒப்பீடு

மேற்கத்தியச் செவ்வியல் கித்தாரும் கையால் செய்யப்படும் மரக்கருவியே. ஆனால் அதன் சிந்தனை வேறு. கித்தாரின் மேற்பலகை ஸ்புரூஸ் அல்லது சிடார் மரத்தால் ஆனது. பொதுவாக 3 மி.மீ. க்கும் மெல்லியது. இன்றைய வடிவத்தை நிலைநிறுத்திய எசுப்பானியக் கைவினைஞர் அந்தோனியோ டி தோரெஸ் (1817–1892), மேற்பலகையே ஒலிக்கு முதன்மை என்று காட்ட, 1862 இல் பக்கங்களும் முதுகும் காகிதக் கூழால் ஆன கித்தார் ஒன்றைச் செய்தார்.

கித்தாரின் மெட்டுகள் கழுத்தில் கீறிய காடிகளில் அடித்துப் பொருத்தப்படுபவை. அவற்றை நகர்த்த இயலாது. நகராத மெட்டுகள் பராமரிப்பைக் குறைக்கின்றன. ஆனால் இடத்தைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் இழக்கின்றன.

கித்தாரின் பொருட்களில் இந்தியாவின் பங்கு பலர் அறியாதது. பிரேசில் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 இல் தடைசெய்யப்பட்டது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி (தோதகத்தி) மிகுதியாகப் பயன்படுகின்றது. இவ்வினத்தையும் 2017 இல் சைட்டீசு உடன்படிக்கை கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2019 இல் முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கித்தாருக்குப் பூசப்படும் பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்ப்பது; அந்த அரக்குக்கு இந்தியா முக்கிய மூலமாகும்.

இன்றைய நிலை

ஒரு வீணையைச் செய்ய ஏறத்தாழ 15 முதல் 20 நாட்கள் ஆகின்றன. மரத்தைக் குடைவோர், செதுக்குவோர், மேளம் கட்டுவோர் எனப் பணி பிரிந்திருப்பதால், ஒரு பிரிவில் ஆள் குறைந்தாலும் முழு வேலையும் நின்றுவிடும். புவிசார் குறியீடு பெயரைப் பாதுகாக்கின்றது. மரத்தையோ பயிற்சி பெற வரும் இளைஞரையோ அது வழங்குவதில்லை. நாகசுரத்துக்குப் பெயர்பெற்ற நரசிங்கம்பேட்டையும் 2022 இல் இக்குறியீட்டைப் பெற்றது. அங்கும் ஆச்சா மரம் கிடைப்பதே முதன்மைச் சிக்கல்.

பயணத்துக்கு ஏற்றவாறு கழற்றி மாட்டும் வீணைகளும், மெழுகுக்குப் பதிலாக வேறு பொருளில் மெட்டுகளைப் பொருத்திய வீணைகளும், மின்னணு வீணைகளும் இன்று கிடைக்கின்றன. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். அங்கே மேளம் கட்டுவோர் கிடைப்பது அரிது.