கப்பலேறிய பூனைகள்

நற்பிட்டிமுனையில் மீன் அரிகிற இடத்துக்குப் பூனையை யாரும் கூப்பிடுவதில்லை. கல்முனைச் சந்தையில் வாங்கிய சூடையோ கீரியோ பையிலிருந்து வெளியே வருமுன்பே அது முற்றத்தில் குந்திவிடும். அதை அடித்து விரட்டும் வழக்கம் இந்தக் கரையில் குறைவு. வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, நபித்தோழர் அபூ கதாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் என்றும், பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றி வரும் உயிர் என்று நபிகளார் சொன்னதை அப்போது எடுத்துரைத்தார் என்றும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ஏராளமான ஹதீஸ்களை அறிவித்த தோழரின் பெயரே அபூ ஹுரைரா. பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்.

இப்படி மனிதரோடு ஒட்டி வாழ்ந்ததால்தான் மனிதர் கப்பலேறியபோது பூனையும் ஏறியது. பாய்மரக் கப்பலில் அரிசியும் கோதுமையும் கயிறும் இருந்தால் எலியும் இருக்கும். எலி இருந்தால் பூனை வேண்டும். துறைமுகத்தில் இறங்கிய பூனை அங்கேயே குட்டி போட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் கால்விரலையும் மயிரையும் வைத்துத் தேடிப் பார்க்க முடியும்.

முதலில் விரல். பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் 5, பின்கால் ஒவ்வொன்றிலும் 4, ஆக 18 விரல்கள். சில பூனைகளுக்குப் பெருவிரல் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ கூடுதலாக முளைத்திருக்கும். அந்தக் கால் கையுறை போட்ட குழந்தையின் கையைப் போல அகன்று தெரியும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் எழுத்தாளர் ஏர்னஸ்ட் ஹெமிங்வே 1930களில் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே 60 பூனைகள் வரை வாழ்கின்றன, ஏறத்தாழ பாதிக்குக் கூடுதல் விரல் உண்டு. ஒரு கப்பல் கப்டன் ஹெமிங்வேக்குக் கொடுத்த வெள்ளைப் பூனையின் வழி வந்தவை அவை என்கிறது அருங்காட்சியகம். ஆறு விரல் பூனை கப்பலுக்கு நல்ல சகுனம் என்பது அத்லாந்திக் மாலுமிகளின் பழைய நம்பிக்கை. ஆடும் தளத்தில் அது உறுதியாக நிற்கும், எலியை நன்றாகப் பிடிக்கும் என்றும் சொன்னார்கள்.

1947இல் அமெரிக்க ஆய்வாளர் டான்ஃபோர்த் பூனைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, இது ஓங்கு பண்பு என்று காட்டினார். தாயோ தகப்பனோ ஒருவரிடமிருந்து வந்தால் போதும். குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு இறங்கும். ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே விரல் எண்ணிக்கை மாறும்.

ஏன் என்ற கேள்விக்கு விடை வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. கருவில் கால் முதலில் ஒரு சின்ன மொட்டு. அந்த மொட்டின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் ஒரு புரதம் சுரக்கிறது. அது எங்கே கூட, எங்கே குறைய இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த விரல் எங்கே என்பது தீர்மானமாகிறது. அந்தப் புரதத்துக்கு ஒரு வீடியோ விளையாட்டின் கதாநாயகன் பெயர்: சோனிக் ஹெட்ஜ்ஹொக். அதை உண்டாக்கும் மரபணுவை முடுக்கும் ஆளி, மரபணுவுக்குப் பக்கத்தில் இல்லை. டி.என்.ஏ.யில் ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில் கிடக்கிறது. எடின்பரோவில் லோரா லெட்டிஸும் ரொபர்ட் ஹில்லும் அவர்களது குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஹெமிங்வே பூனைகளின் அந்த ஆளியில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதைக் காட்டினார்கள். அடினின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின். அவ்வளவுதான். சும்மா இருக்க வேண்டிய பெருவிரல் பக்கத்திலும் புரதம் சுரந்துவிடுகிறது, விரல் முளைக்கிறது.

மனிதரில் சில குடும்பங்களின் ஆறாவது விரலுக்கும் இதே ஆளிதான் காரணம். இன்னும் வியப்பானது பாம்பு. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் ஆளியை எடுத்துவிட்டுப் பாம்பின் ஆளியை அந்த இடத்தில் வைத்தார்கள். எலிக்குக் கால்கள் குட்டையாக, முளையோடு நின்றுபோயின. பூனைக்கு விரல் கூடியதும் பாம்புக்குக் கால் போனதும் ஒரே ஆளியில் நடந்த மாற்றங்களோடு இணைந்த கதை.

ஆறு விரல் பூனைகள் பொஸ்டன் நகரத்திலும் அதை ஒட்டிய கரையிலும் அதிகம். இங்கிலாந்திலிருந்து குடியேறியோரின் கப்பல்கள் அவற்றைக் கொண்டுபோயின என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2008 ஆய்வு அந்தக் கதையை உலுக்கியது. சோதித்த பிரித்தானியப் பூனைகளிலும் அதே ஆளிதான் பழுதாகியிருந்தது, ஆனால் மாறியது ஹெமிங்வே பூனைகளின் எழுத்தல்ல, வேறு எழுத்துகள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் விரல்கள் தனித்தனியாகத் தோன்றியவை. விரலை மட்டும் பார்த்து வம்சம் சொல்வது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இலங்கைப் பூனைக்கு மயிர்தான் அடையாளம். முயல் நிறத்தில், உடம்பில் கோடே இல்லாமல், கால்களிலும் வாலிலும் மட்டும் வரி விழுந்த பூனைகளை இந்நாட்டில் எங்கும் காணலாம். உதிர்ந்த மயிர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தால் தெரியும்: ஒரே இழையில் வெளிறிய வளையமும் கறுத்த வளையமும் மாறி மாறி வந்து, நுனி கறுத்து முடிகிறது. இதுவும் ஓங்கு பண்புதான். டி.கே.கே.4 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் காரணம் என்று 2021இல் தெரியவந்தது. 1984இல் இலங்கை வந்த இத்தாலியரான பாவ்லோ பெல்லெகாட்டா இத்தகைய பூனைகளைக் கொண்டுபோய் வளர்க்க, ஐரோப்பாவில் ‘சிலோன்’ என்றே ஒரு பூனையினம் உருவானது.

இதே மயிர் கொண்ட அபிசீனியப் பூனையின் கதை இன்னும் பழையது. 1868இல் அபிசீனியாவில், அதாவது இன்றைய எத்தியோப்பியாவில், நடந்த போருக்குப் போய்த் திரும்பிய பிரித்தானியரோடு வந்ததாகச் சொல்லி அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் ஒல்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தில், 1830களில் வாங்கிப் பாடம் செய்து வைத்த அதே நிறப் பூனை ஒன்று இருக்கிறது. அதன் சீட்டில் இந்திய வீட்டுப் பூனை என்றே குறித்திருக்கிறார்கள். மரபணு ஆய்வுகளும் இந்த இனத்தை இந்துப் பெருங்கடல் கரைகளோடுதான் சேர்க்கின்றன. அபிசீனியா என்ற பெயர் பிழையாக ஒட்டிக்கொண்டது.

கீ வெஸ்ட் பூனையைப் பார்க்கக் கட்டணம் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அதற்குக் குறையாத வரலாறு உங்கள் முற்றத்துப் பூனைக்கும் உண்டு. அடுத்த முறை அது மடியில் படுத்தால் கால்விரலை எண்ணிப் பாருங்கள். 18ஐத் தாண்டினால் பயப்பட ஒன்றுமில்லை. கூடுதல் விரலின் நகம் நிலத்தில் உரசித் தேயாமல் வளைந்து சதைக்குள் குத்தக்கூடும். அதை மட்டும் அடிக்கடி கவனித்து வெட்டிவிடுங்கள், குத்திப் புண்ணாகியிருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விரலை மட்டும் யாரும் வெட்ட விடாதீர்கள்.