தமிழுக்கு வராத காதர் கான்

‘படிக்காதவன்’ (1985), ‘வேலைக்காரன்’ (1987), ‘பணக்காரன்’ (1990). மூணும் ரஜினி படம். இதோட சிவாஜியின் ‘அமரகாவியம்’ (1981), அதுக்கும் முந்தின ‘சங்கர் சலீம் சைமன்’ (1978) இரண்டையும் சேர்த்துக்கோங்க. என் வயசுக்காரங்க இதில் மூணையாவது முழுசாப் பார்த்திருப்பாங்க. எல்லாமே இந்திப் படங்களின் ரீமேக் என்பதும் பலருக்குத் தெரிந்த விஷயம்தான். மூலப் படங்கள் வரிசைப்படி குத்தார், நமக் ஹலால், லாவாரிஸ், முகத்தர் கா சிக்கந்தர், அமர் அக்பர் ஆண்டனி.

ஐந்து இந்திப் படங்களுக்கும் வசனம் எழுதியவர் ஒரே ஆள். காதர் கான்.

பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வரும் முகம் வேற. கேபிள் டிவியில் கோவிந்தாவோட மாமனாராகவோ அப்பாவாகவோ வந்து, கண்ணை உருட்டி, குரலை ஏத்தி இறக்கி அதட்டுவாரே, அவர்தான். நானும் ரொம்ப நாள் அவரை ‘அந்தக் காமெடி மாமனார்’ என்றுதான் நினைச்சிருந்தேன். வேலைக்காக புனேயில் சில வருஷம் இருந்தபோதுதான் இந்தி காதில் ஏற ஆரம்பிச்சது. அப்போ ‘லாவாரிஸ்’ பார்த்தேன். கதை எனக்கு மனப்பாடம், ‘பணக்காரன்’தானே. ஆனா வசனம் புதுசா இருந்தது. டைட்டில் கார்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் இந்த மனுஷன் பெயர். அங்கே ஆரம்பிச்ச தேடல் இது.

காதர் கான் 1937-ல் காபூலில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த மூணு அண்ணன்களும் எட்டு வயசுக்குள்ளேயே இறந்துபோனார்கள். இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்று அம்மா ஊரை விட்டுக் கிளம்பச் சொல்ல, குடும்பம் பம்பாய்க்கு வந்தது. வந்து சேர்ந்த இடம் காமாட்டிபுரா. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாவுக்கு மறுமணம், வீட்டில் பட்டினி. பக்கத்துப் பையன்களோட சேர்ந்து மூணு ரூபாய் கூலிக்குக் கிளம்பினவனை அம்மா தடுத்து, இன்றைக்கு மூணு ரூபாய்க்குப் போனால் கடைசிவரை மூணு ரூபாய்தான், போய்ப் படி என்று திருப்பி அனுப்பியதாக பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

படித்தார். சிவில் இன்ஜினியரிங். பம்பாய் சாபூ சித்திக் கல்லூரியில் வாத்தியாராகவும் இருந்தார். பி.இ. படிச்சிட்டு ராத்திரியில் சினிமா சரித்திரம் தோண்டுற என் மாதிரி ஆட்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு அற்ப சந்தோஷம் வரத்தான் செய்யும்.

சின்ன வயசில் மசூதிக்குப் போகச் சொல்லி அனுப்பினால் நழுவி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாராம். அன்றைக்குப் பார்த்த ஆட்களை மாதிரியே அங்கே உட்கார்ந்து தனியாப் பேசிப் பார்ப்பது. கேட்க யாரும் இல்லாத இடம், எவ்வளவு கத்தினாலும் திட்டு கிடையாது. ஒரு நாள் அதைப் பார்த்த நாடகக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் மேடை ஏற்றினார்.

இதை மனசில் வச்சுக்கிட்டு ‘முகத்தர் கா சிக்கந்தர்’ (1978) பாருங்க. வளர்ப்புத் தாயைப் புதைத்துவிட்டு அனாதைப் பையன் சிக்கந்தர் கல்லறையில் அழுதுகொண்டிருப்பான். ஒரு பக்கீர் வந்து, துக்கத்தைப் பார்த்துச் சிரிக்கக் கத்துக்கோ, அப்போ விதி உன் கையில் என்கிற மாதிரி பேசுவார். ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும், ஆனா அமிதாப் பாத்திரத்தின் மொத்த வாழ்க்கையும் அந்தப் பேச்சில் இருந்துதான் கிளம்புது. அந்த பக்கீராக நடித்தவரும் காதர் கான்தான். கல்லறையில் தனியாப் பேசிப் பழகின பையன், நாற்பது வயசில் கல்லறையில் உட்கார்ந்து இன்னொரு பையனுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கிறார். சொந்த வசனம், சொந்தக் குரல்.

கல்லூரியில் இருக்கும்போதே நாடகம் எழுதி, நடித்து, இயக்கிக்கொண்டிருந்தார். ‘லோக்கல் ட்ரெயின்’ என்ற நாடகம் போட்டியில் பரிசு வாங்க, நடுவராக வந்திருந்த இயக்குநர் நரேந்தர் பேடி தன் படத்துக்கு வசனம் எழுதக் கூப்பிட்டார். அதுதான் ‘ஜவானி திவானி’ (1972). க்ராஸ் மைதானில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருக்க, ஓரமா உட்கார்ந்து நாலு மணி நேரத்தில் எழுதி முடித்ததாகவும், சம்பளம் 1,500 ரூபாய் என்றும் அவரே சொன்ன கணக்கு. நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து பார்த்த திலீப் குமார் தன் படங்களில் நடிக்கவும் வைத்தார்.

மன்மோகன் தேசாய் சந்திப்பு இன்னும் சுவாரசியம். தேசாய்க்கு உருது கவிதை நடை வசனம் என்றாலே அலர்ஜி. ஜனங்க கைதட்டணும், அவ்வளவுதான். பிடிக்கலேன்னா கிழித்து சாக்கடையில் போடுவேன் என்று சொல்லித்தான் ‘ரொட்டி’ (1974) படத்தின் கிளைமாக்ஸை எழுதக் கொடுத்தாராம். எழுதி வந்ததைக் கேட்டவர் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி, வீட்டுக்குள் ஓடிப்போய் டிவி பெட்டியும் தங்க பிரேஸ்லெட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் படத்துக்கு 1,21,000 ரூபாய். சினிமாக்காரங்க சொல்ற கதையில் கொஞ்சம் மசாலா இருக்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு தேசாய் படங்களுக்குத் தொடர்ந்து எழுதினார் என்பது டைட்டில் கார்டிலேயே இருக்கு. போட்டிக் கூடாரமான பிரகாஷ் மெஹ்ராவுக்கும் அதே சமயம் அவர்தான் எழுதினார். ரெண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்.

அப்படி என்னதான் செய்தார்? அந்தக் காலத்து இந்தி வசனத்தில் ஒரு மேடைத்தனம் உண்டு, நம்ம ஐம்பதுகளின் அடுக்குமொழி வசனம் மாதிரின்னு வச்சுக்கலாம். காதர் கான் அங்கே பம்பாய்த் தெருவைக் கொண்டுவந்து இறக்கினார். ‘அமர் அக்பர் ஆண்டனி’யில் ஆண்டனி பேசுறது கோவாக்காரர், மராட்டியர், டாக்ஸி டிரைவர், சாராயக்கடை எல்லாம் கலந்த ஒரு பம்பாய் பாஷை. சந்திரபாபு, சோ வாயில் வந்த மெட்ராஸ் பாஷையை நினைச்சுக்கோங்க. அதுவரை காமெடியன் பேசிய பாஷையை இவர் ஹீரோவுக்குக் கொடுத்தார். ‘அக்னிபத்’ (1990) ஹீரோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது இன்னொரு உதாரணம். முழுப் பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர், வயசு என்று போலீஸ் ஸ்டேஷன் படிவம் மாதிரி அடுக்குவான். ஒரு அலங்கார வார்த்தை கிடையாது. இன்றைக்கும் மிமிக்ரிக்காரர்கள் விடாமல் பிடிச்சிருக்கிற வசனம் அது.

இப்போ ரீமேக்குக்கு வருவோம். எங்க தொழிலில் ஒரு மென்பொருளை வேற மொழிக்குக் கொண்டு போகும்போது, உள்ளே ஓடுற லாஜிக்கைத் தொட மாட்டோம். திரையில் தெரியும் வார்த்தைகள் தனியா ஒரு கோப்பில் இருக்கும், அதை மட்டும் மாத்துவோம். சினிமா ரீமேக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். கதை, சீன் வரிசை, இடைவேளை எல்லாம் அப்படியே வரும். முதல் வேலையாகத் தூக்கி எறியப்படுவது வசனம். அதாவது காதர் கான் செய்த வேலை மொத்தமும். அவர் எழுதின ஐந்து படங்களின் கதைகளைத் தமிழில் பார்த்தோம், ஆனா அவரைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பேன். ‘நமக் ஹலால்’ படத்தில் கிராமத்தான் ஹோட்டல் வேலைக்கு வந்து இங்கிலீஷில் பொரிஞ்சு தள்ளுவான். ‘வேலைக்கார’னில் ரஜினி செய்வதும் அதேதான். அந்த சீன் தப்பிச்சதுக்குக் காரணம், அது இங்கிலீஷில் இருந்தது!

எழுத்து தெற்கே வராவிட்டாலும் ஆள் வந்தார். எண்பதுகளில் தெலுங்குத் தயாரிப்பாளர்கள் தங்கள் ஹிட்டுகளை ஜிதேந்திராவை வைத்து இந்தியில் வரிசையாக எடுத்தார்கள். ‘ஹிம்மத்வாலா’ (1983), ‘மவாலி’, ‘ஜஸ்டிஸ் சௌத்ரி’, ‘தோஃபா’ என்று பட்டியல் நீளம். ஸ்ரீதேவியை வடக்கே பெரிய ஸ்டார் ஆக்கியதும் ‘ஹிம்மத்வாலா’தான். காதர் கானுக்கு இதில் ரெண்டு வேலை, வசனமும் நடிப்பும். அதுவரை வில்லனாகத்தான் அதிகம் வந்துகொண்டிருந்தார். அப்பா படத்தில் அடி வாங்குறார் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததால் மகன் சண்டை போட்டு அடிபட்டு வந்தானாம். இனி காமெடி என்று முடிவெடுத்து ‘ஹிம்மத்வாலா’வில் முன்ஷி வேஷம் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். ராவ் கோபால் ராவும் அல்லு ராமலிங்கய்யாவும் தெலுங்கில் நடத்திய வில்லன்-எடுபிடி காமெடியின் இந்திக் கிளையை அதற்கப்புறம் காதர் கானும் சக்தி கபூரும் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் இந்தப் படங்களை இப்போ உட்கார்ந்து பார்ப்பது தண்டனை. பானைகளும் குடங்களும் அடுக்கின செட்டில் டான்ஸ், இரட்டை அர்த்தம், எதுகைக்காகவே இழுக்கப்பட்ட வசனம். ‘முகத்தர் கா சிக்கந்தர்’ எழுதின கை இதையா எழுதிச்சுன்னு இருக்கும். ஆனால் காசு அங்கேதான் இருந்தது, அவரும் மறுக்கவில்லை. வேடிக்கை என்னன்னா, வசனத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருது அவருக்கு ரெண்டு தடவை கிடைச்சது. ஒன்று ‘அங்கார்’. இன்னொன்று ‘மேரி ஆவாஸ் சுனோ’, அது கன்னட ‘அந்தா’வின் ரீமேக்! ஆண்டனிக்கோ சிக்கந்தருக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. காமெடி நடிகர் விருது ஒன்றும் உண்டு, ‘பாப் நம்ப்ரி பேட்டா தஸ் நம்ப்ரி’க்காக.

சலீம்-ஜாவேதை எல்லோருக்கும் தெரியும். ‘சஞ்சீர்’ போஸ்டர்களில் தங்கள் பெயர் இல்லை என்று ஆள் வைத்து எழுதவைத்தவர்கள் அவர்கள். கதையும் திரைக்கதையும் அவர்களுடையது, அது மொழி தாண்டும். ‘தீவார்’ தமிழில் ‘தீ’ ஆனபோதும் அவர்கள் எலும்புக்கூடு அப்படியே நின்றது. வசனம் மட்டும் எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் மொழி முடியும் இடத்தில் அவனும் முடிந்துவிடுவான். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் முகம் காட்டியதால்தான் காதர் கானை நமக்கு அடையாளமாவது தெரியுது.

தொண்ணூறுகளில் டேவிட் தவன், கோவிந்தா கூட்டணியோடு இரண்டாவது சுற்று வந்தார். கடைசி வருஷங்களில் கனடாவில் மகன் வீட்டில் இருந்தார். நரம்புச் சிதைவு நோய் நடையை எடுத்தது, கடைசியில் பேச்சையும் எடுத்தது. 2018 டிசம்பர் 31 அன்று டொரண்டோவில் காலமானார். அடுத்த மாதம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு மட்டும் பாக்கி. எதிர்த்திசையில் போன படமும் ஒன்று இருக்கு. பிரபு நடித்த ‘சின்ன மாப்ளே’ (1993) இந்தியில் ‘கூலி நம்பர் 1’ (1995) ஆனது. பொண்ணுங்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை தேடி ஏமாறுகிற அப்பாவாக அதில் காதர் கான். வசனமும் அவரே. தமிழ்க் கதைக்கு அவர் என்ன எழுதினார் என்று பார்க்க இப்போ ஒரு வாய்ப்பு இருக்கிறது. ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, சீன் சீனாகக் குறிப்பெடுக்க ஆரம்பிச்சிருக்கேன். முதல் இருபது நிமிஷம் முடிஞ்சிருக்கு.