கோட்டை ஓவியமும் சத்துவாச்சாரியும்



பழைய நிலக்காட்சி ஓவியம் ஒன்றை எடுத்து, "இஃது எவ்வூர்? எத்திசை நின்று வரையப்பட்டது?" என ஆராய்வதும் கல்வெட்டாராய்ச்சியை ஒத்த பணியே. தாமஸ் டேனியல் என்பாரும் அவர்தம் உடன்பிறந்தார் மைந்தர் வில்லியமும் 1792, 1793 ஆம் ஆண்டுகளில் தென்னாட்டைச் சுற்றி, தஞ்சைப் பெரிய கோயில், திருச்சிராப்பள்ளிக் குன்று, இராயக்கோட்டை, சங்ககிரி முதலியவற்றை வரைந்தனர். இந்தியா முழுவதற்குமாக அவர்கள் இலண்டனில் வெளியிட்ட படங்கள் 144. இருட்பெட்டியுள் விழும் உருவத்தை ஒட்டிக் கோடிழுத்தமையால் அவற்றில் அளவு பிசகுதல் குறைவு. 1990களில் அந்தோனியோ மார்ட்டினெல்லி என்னும் இத்தாலியப் புகைப்படக் கலைஞர், அவ்விருவரும் நின்ற இடங்களைத் தேடிச் சென்று, அவ்விடங்களிலேயே நின்று படமெடுத்தார்.

அவர்களேயன்றிக் கும்பினிப் படை அதிகாரிகளிலும் படம் வரையப் பயின்றோர் பலர். வேலூர்க் காட்சிகளை ஆராயுங்கால் முதற்கண் மலையை நோக்குக. கட்டடம் இடியும், ஆறும் வற்றும் (பாலாற்றங்கரையினராகிய நமக்கு இதனை எவரும் சொல்ல வேண்டுவதில்லை). மலையின் விளிம்போ எளிதில் மாறுவதில்லை. கோட்டைக்குக் கிழக்கேயுள்ள குன்றுகளின்மீது சஜ்ஜரா, குஜ்ஜரா, முர்த்தசா என வழங்கும் சிறு கோட்டைகள் உள்ளன. அகழியும் கோபுரமும் முன் நிற்க, அக்குன்றுகள் பின்னே எழுமாயின், வரைந்தவர் மேற்கே நின்று கிழக்கு நோக்கினார் என்க. கோட்டை கீழே தாழ்ந்து தோன்றுமாயின் அவர் குன்றேறியவர். கோட்டையினுள் கிறித்தவ ஆலயம் காணப்படின் படம் 1846க்கு முற்பட்டதன்று. தூய யோவான் ஆலயம் அவ்வாண்டிலேயே எழுந்தது.

ஏழு நிலைக் கோபுரத்தருகே மட்டும் நாம் சற்று நின்றாக வேண்டும். அப்பைய தீட்சிதரைப் போற்றிய சின்னபொம்ம நாயக்கரோடு தொடர்புடையது அக்கோயில். அதன் மண்டபச் சிற்பத் தூண்களைப் பெர்கூசன் தம் கட்டடக்கலை வரலாற்றில் எடுத்துப் பேசினார். ஆயினும் கோட்டை பல கைகள் மாறியபின் ஆங்கு வழிபாடு நின்றது. கும்பினியார் நாளில் கோயில் படைக்கலக் கொட்டிலாயிற்று. ஆகவே அந்நாளைய ஓவியர் கண்டது பூசையற்ற கோயிலின் கோபுரம். மலையின் சரிவைப் பிழையின்றித் தீட்டிய தூரிகைக்கு, உள்ளே கருவறையின் நிலையைக் காட்ட வழியில்லை. படத்தை மட்டும் பார்ப்பவர், அங்கே ஆறு கால பூசை நடந்தது என்றே எண்ணுவர். இடத்தை அறிந்தால் போதாது. இடத்தின் வரலாற்றையும் உடன்வைத்தே ஓவியத்தைப் படித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

அவ்வரலாற்றில் நம் ஊருக்குப் பங்குண்டு. மேற்கே நின்று வரைந்த படத்தில் குன்றுகளின் இடக்கோடியைப் பாருங்கள். அதற்கப்பால், மலைக்கும் பாலாற்றுக்கும் நடுவே உள்ளது சத்துவாச்சாரி. குன்று மறைப்பதால் படத்தில் தோன்றாது. சலகண்டேசுவரரின் சிவலிங்கத் திருமேனி காக்கப்பட்டு வந்தது இவ்வூர்க் கோயிலில்தான். தொல்பொருள் துறையின் பொறுப்பில் வழிபாடின்றிக் கிடந்த கோட்டைக் கோயிலுக்கு, 1981 மார்ச்சுத் திங்களில் அத்திருமேனி இங்கிருந்து எழுந்தருளிற்று. அம்மாதம் 16 ஆம் நாள் முதல் கோபுரத்தின் உள்ளே மீண்டும் விளக்கெரிகின்றது.